இடது குச்சி

இந்தப் பாத்திரங்களில் எது யாருடையது என்று பிரித்து வைப்பதற்கே எனக்கு இரண்டு நாள் ஆகிவிட்டது. சாவு நடந்த வீட்டுக்கு எங்கள் சர்ச் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவருவார்கள். அடியில் பெயர் எழுதி ஒட்டியிருந்தால் தொல்லை இல்லை. பாதிப் பேர் ஒட்டுவதில்லை. கண்ணாடிப் பாத்திரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. உட்காருங்கள் கிறிஸ்டின், அந்த நாற்காலியில் இருப்பதைக் கீழே வைத்துவிடலாம். காப்பி இப்போது போட்டதுதான்.

நீங்கள் கையோடு கொண்டுவந்திருக்கும் காகிதப் பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கோர்டி கொடுத்திருப்பார். முப்பது வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரர், என்னிடமே கேட்டிருக்கலாம். ஆனால் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பதைவிட, உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டிலோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது அவருக்குச் சுலபம். அதனால்தான் என் கணவருக்குக் கைப்பயிற்சி கொடுத்த உங்களிடம் போயிருக்கிறார்.

நீங்கள் வாசலில் நின்றபடி கேட்டது மரியாதையான கேள்வி. வெர்லின் ஏன் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினார் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அதை மறைக்க வேண்டிய விஷயமாக நான் நினைத்ததே இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் வயதுக்காரர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். வெர்லின் அந்தப் பெட்டியை வாங்கியது எண்பத்து நான்கில். டிவியோடு இணைத்து ஆடுவது. அப்புறம் எத்தனையோ புதுப் பெட்டிகள் வந்தன. அவர் ஒன்றையும் தொடவில்லை. அந்தப் பெட்டியிலும் ஒரே ஒரு விளையாட்டுதான். திரையின் நடுவில் ஒரு சின்ன மனிதன். நாலு பக்கமிருந்தும் இயந்திரங்கள் அவனை நெருங்கும். அவற்றுக்கு நடுவில் வழி தெரியாமல் சில மனிதர்கள் அலைந்துகொண்டிருப்பார்கள்: ஒரு ஆண், நீல கவுன் போட்ட ஒரு பெண், ஒரு குழந்தை. அவர்களைத் தொட்டுக் காப்பாற்ற வேண்டும், இயந்திரங்களைச் சுட வேண்டும். இதற்கு இரண்டு ஜாய்ஸ்டிக் வேண்டும். இடது குச்சி அந்த மனிதனை நகர்த்தும். வலது குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் அவன் சுடுவான். ஒரு திசையில் ஓடிக்கொண்டே இன்னொரு திசையில் சுட வேண்டும். அந்த ஆட்டத்தில் ஜெயிப்பது என்பதே கிடையாது. ஒரு கூட்டத்தை முடித்தால் அடுத்த கூட்டம் வரும். எவ்வளவு நேரம் தாங்குகிறோம் என்பதுதான் கணக்கு.

வெர்லினுக்கு அது கைவந்ததில் ஆச்சரியமில்லை. கவுண்டி சாலைகளில் பனி ஒதுக்கும் லாரியை இருபத்தாறு வருடம் ஓட்டியவர். ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை முன்னால் பனியை வழிக்கும் இரும்புத் தகட்டை ஏற்றி இறக்கும் நெம்புகோலில். இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை கொடுப்பது அவருக்கு மூச்சு விடுவது போல. இரண்டு குச்சிகளையும் மடியில் தனித்தனியாக வைத்து ஆட முடியாது, நழுவும். அதனால் ஒரு பைன் பலகையைச் செதுக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பதித்து, அடியில் காது வைத்த திருகுகளால் இறுக்கினார். அந்தப் பலகைதான் எங்கள் வீட்டுக் கீழ்த்தள அறையின் பீடம்.

சனிக்கிழமை மத்தியானங்களில் கோர்டி வருவார். இருவரும் மாறி மாறி ஆடுவார்கள். ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள், அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தோற்றவன் தன்னைத் தவிர வேறு எதையும் குறை சொல்லக் கூடாது. முக்கியமாகக் குச்சியைக் குறை சொல்லக் கூடாது. சொன்னால் தொப்பி போட வேண்டும். காதை மூடி முகவாயில் முடிச்சுப் போடும் இளஞ்சிவப்புக் குழந்தைத் தொப்பி. வெர்லின் சொல்லி நான்தான் பின்னினேன், பெரிய ஆள் தலைக்கு ஏற்ற அளவில்.

"மேல போக மாட்டேங்குதுப்பா இது," என்பார் கோர்டி. "உள்ள ஏதோ ஒட்டிக்கிட்டு நிக்குது."

"அப்படியா? போன வாரம் கீழ போகலன்ன. அதுக்கு முந்தின வாரம் திரை மங்கலா இருக்குன்ன."

"நெசமாத்தான்டா. நீயே ஆட்டிப் பாரு."

"மார்லீஸ், தொப்பிய எடு. மாப்பிள்ளை குச்சி மேல பழி போட்டுட்டாரு."

கோர்டி தொப்பியோடு வீடு வரை நடந்து போவார், அதுவும் விதி. வெர்லின் சிரிப்பார். ஆனால் அது வெறும் சிரிப்பு இல்லை. குச்சி மேல் பழி போடுகிறவனை அவர் உள்ளூர மதிக்க மாட்டார். பதினாறு வருடத்தில் அவர் தலையில் அந்தத் தொப்பி ஒரு தடவைகூட ஏறியதில்லை.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி உண்டு, அதில் இருந்தேன். எனக்கு அது பிடித்திருந்ததா என்று யோசித்துப் பார்த்ததில்லை. குழந்தைகள் இல்லாத வீடு. அவர் கீழே இருந்தால் நானும் கீழே இருந்தேன். அவருடைய பின்கழுத்து எனக்கு அவர் முகத்தைவிட நன்றாகத் தெரியும். ஆட்டம் கடினமாகும்போது காதுக்குக் கீழே ஒரு நரம்பு எழும். எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, நல்ல ஸ்கோர் வந்தால் டிவித் திரையைப் போட்டோ எடுப்பது. அந்தக் காலத்தில் அந்தப் போட்டோவை ஸ்கோர் பட்டியல் வைத்திருந்த ஒரு சங்கத்துக்குத் தபாலில் அனுப்பினால்தான் ஏற்றுக்கொள்வார்கள். முதல் தடவை நான் பிளாஷ் போட்டு எடுத்துவிட்டேன். பிளாஷ் போட்டால் கண்ணாடியில் வெறும் வெளிச்சம்தான் விழும். பிலிம் கழுவி வந்தபோது அவருடைய வாழ்நாள் ஸ்கோர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சூரியன் இருந்தது. பதினோரு நாள் என்னிடம் பேசவில்லை. கோபப்படவும் இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். வெர்லின் மோசமானவர் இல்லை, இதை உங்களிடம் குறையாகச் சொல்லவில்லை.

இரண்டாவது வேலை, குச்சிகளைப் பழுது பார்ப்பது. நான் காது கேட்கும் கருவி செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் பூதக்கண்ணாடிக்கு அடியில் வேலை செய்தவள். முடியைவிட மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்தவள். குச்சியைத் திறந்தால் உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு மின்சுற்றுத் தகடு, அதில் திசைக்கு ஒன்றாக நாலு சின்ன உலோக மூடிகள். குச்சியைச் சாய்த்தால் அந்தப் பக்கத்து மூடி அழுந்தி அடியில் இருக்கும் புள்ளியைத் தொடும். தொட்டால் திரையில் மனிதன் நகர்வான். அழுக்குச் சேர்ந்தால் தொடாது. நான் திறந்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து மூடுவேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அவரைப் பொறுத்தவரை குச்சிகள் எப்போதும் நன்றாக இருக்கும், வெயில் காலத்துக்குப் பிறகு இலை உதிர்வது போல.

போன வருடம் ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மற்றது உங்களுக்குத் தெரியும். பேச்சு வந்துவிட்டது, கால் ஓரளவு வந்துவிட்டது, இடது கை வரவில்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரமே கீழே போக வேண்டும் என்றார். நான் பிடித்துக் கூட்டிப்போனேன். பலகையை மடியில் வைத்துக்கொண்டார். வலது கையால் இடது கையைத் தூக்கி இடது குச்சியின் மேல் வைத்தார். அது வழுக்கித் தொடையில் விழுந்தது. மறுபடி வைத்தார். நாலாவது தடவை அவர் கழுத்து நரம்பு எழுந்ததைப் பார்த்து, நான் நாற்காலியை விட்டு எழுந்து அவருக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"நகரு," என்றேன். "இத நான் பிடிச்சுக்கறேன். நீ சுடு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை எதுவும் இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

"இடது. இடது மார்லீஸ். அய்யோ, அது கீழ."

"இடதுதான் போனேன்."

"டிவிக்கு எது இடதோ அது."

"டிவிக்கும் எனக்கும் ஒரே இடதுதானே வெர்லின்."

அன்று அவர் சிரித்தார், பக்கவாதம் வந்த பிறகு முதல் தடவையாக. வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது.

மார்ச் முடிவதற்குள் அவர் திசை சொல்வதை நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. பதினாறு வருடம் பின்னாலிருந்து பார்த்தவளுக்கு அவர் எங்கே சுடப்போகிறார் என்று அவருக்கு முன்பே தெரிந்தது. நான் அங்கே இடம் விட்டு ஒதுங்குவேன், அவர் சுடுவார். எங்கள் தோள்கள் ஒட்டியிருக்கும். ஒரு உடம்பில் பாதி நான். என்னால் இதை உங்களுக்குச் சரியாக விளக்க முடியுமா தெரியவில்லை. கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அவருக்கு நான் வேண்டியிருந்தது உண்டு, சாப்பாட்டுக்கு, துணிக்கு, மற்றதற்கு. அதற்கெல்லாம் யார் இருந்தாலும் போதும். ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்குள், நான் மட்டும், இந்த இடத்தில் மட்டும் வேண்டும் என்பது முன்பு இருந்ததில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். வெர்லின் தனியாக ஆடியபோது நீல கவுன் பெண்ணைப் பல தடவை சாகவிடுவார். அவள் பின்னால் போனால் மூலையில் மாட்டிக்கொள்வோம் என்பார். நான் இடது குச்சியைப் பிடித்த பிறகு முதலில் அவளிடம்தான் போவேன். மாட்டிக்கொள்ளவும் இல்லை.

ஏப்ரலில் அவருடைய பழைய ஸ்கோரைத் தாண்டினோம். கோர்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெர்லின், கோபிச்சுக்காத. உன் பழைய இடது கையவிட இது தேவல."

"பேசாம பாருடா," என்றார் வெர்லின்.

"சமைக்கவும் தெரியும் இந்தக் கைக்கு. எங்க கிடைச்சுது?"

நான் சிரித்தேன். வெர்லினும் சிரித்தார். ஆனால் அவர் கழுத்து நரம்பு இறங்க நேரமானது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மே மாதம் அவர் கட்டைவிரல் அசைந்தது. நீங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. பச்சை நிறக் களிமண்ணைப் பிசையச் சொன்னீர்கள், துணி மாட்டும் கிளிப்புகளைக் கம்பியில் மாட்டச் சொன்னீர்கள். என்னைத் தனியாக அழைத்து, முதல் ஆறேழு மாதத்தில் வருவதுதான் வரும், இந்தச் சமயத்தில் விட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம் என்றீர்கள். நான் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். உங்களுக்கு அது பிடித்திருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் வெர்லின் இடது கையை மேசைமேல் வைத்துக் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார்.

"ஜூலைக்குள்ள உனக்கு விடுதலை மார்லீஸ். நீ பழையபடி உன் நாற்காலில போய் உட்காந்துக்கலாம்."

அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். என்னைச் சிரமப்படுத்துகிறோம் என்று நினைத்திருப்பார். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து தனியாகப் பயிற்சி செய்யத் தொடங்கினார். காலை பத்து மணிக்குக் கீழே போவார், இடது குச்சியைத் தன் இடது கையாலேயே பிடித்து அந்த மனிதனைச் சும்மா நகர்த்திப் பார்ப்பார். மத்தியானம் நாங்கள் சேர்ந்து ஆடுவோம். நான் சமையலறையில் நின்று அந்தக் குச்சியின் சத்தத்தைக் கேட்பேன். முதல் வாரம் அது தடுமாறியது. இரண்டாவது வாரம் அவ்வளவு தடுமாறவில்லை.

நீங்கள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தால் இன்னும் சுலபமாகச் சொல்வேன். ஆமாம், அந்தக் குச்சிதான், கோர்டி திறந்தே கொடுத்திருக்கிறார். மேல் பக்கத்து மூடிக்கு அடியில் பாருங்கள், வெளிச்சத்தில் சாய்த்தால் லேசாகப் பளபளக்கும். நிறமில்லாத நெயில் பாலிஷ். அது காய்ந்தால் மின்சாரம் தாண்டாது. எங்களிடம் மூன்று குச்சிகள் இருந்தன. மூன்றாவதில் இதைப் பூசினேன். கனமாகப் பூசினால் மேல் திசை அடியோடு போய்விடும், அப்படிப் போனால் யாருக்கும் சந்தேகம் வரும். நான் ஒரு தீக்குச்சி முனையால் தொட்டு, ஓரத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசினேன். அழுத்தமாகச் சரியான கோணத்தில் சாய்த்தால் சில சமயம் வேலை செய்யும், பல சமயம் செய்யாது. பலவீனமான கை அப்படித்தானே இருக்கும். காலையில் இதைப் பலகையில் பொருத்துவேன். மத்தியானம் அவர் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கும்போது கழற்றிவிட்டு நல்லதைப் பொருத்துவேன். பலகைக்கு அடியில் இருக்கும் திருகை ஒரு கையால் திருக முடியாது. அதனால் அதை நான் செய்வது இயல்பாகவே இருந்தது.

மூன்றாவது நாள் கீழேயிருந்து கூப்பிட்டார். போனேன். அந்த மனிதன் திரையின் அடியில் நின்றுகொண்டிருந்தான், இயந்திரங்கள் இறங்கிவந்தன.

"மேல போக மாட்டேங்குது," என்றார்.

"எது போகல?"

"கை."

கை என்றுதான் சொன்னார். நான் காத்திருந்தேன். குச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே எல்லாவற்றையும் கழற்றித் துடைத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து நானே கேட்டும் பார்த்தேன். அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

"ஒருவேளை குச்சியா இருக்குமோ வெர்லின்? திறந்து பாக்கட்டுமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தொப்பி எங்க வச்சிருக்க?" என்றார். "கோர்டிகிட்ட சொல்லிடாத. பதினாறு வருஷம் கழிச்சு எனக்கும் அந்த புத்தி வந்துடுச்சுன்னு சிரிப்பான்."

"சும்மா கேட்டேன்."

"குச்சி நல்லாத்தான் இருக்கு. நீ மத்தியானம் அதே குச்சிலதானே ஆடற."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும். அவரே பரிசோதித்து அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

உங்கள் ஆஸ்பத்திரியில் அவர் கை முன்னேறிக்கொண்டுதான் இருந்தது. நீங்கள் கிளிப்புகளை எண்ணி எழுதிக் காட்டினீர்கள். ஆறு, ஒன்பது, பதினான்கு. வரும் வழியில் காரில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு," என்றார். "மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லுது."

"பதினாலு மாட்டினியே."

"கிளிப்பு யாரு வேணா மாட்டலாம். திரை பொய் சொல்லாது மார்லீஸ்."

நீங்கள் அவரை இன்னும் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கலாம் கிறிஸ்டின். களிமண்ணையும் கிளிப்பையும் வைத்து அவர் கையை அளந்தீர்கள். அவருக்கு அந்தக் கையின் அளவு வேறு இடத்தில் இருந்தது. இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஜூலையில் பயிற்சியை நிறுத்தினார். நீங்கள் போன் செய்தீர்கள். அவர் தூங்குகிறார் என்றேன். அப்போது அவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கையால் வேண்டாம் என்று சைகை காட்டினார், அதனால் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை அவருக்குக் காட்டவில்லை. வீணாக ஆசை காட்டிக் கஷ்டப்படுத்துவானேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் காலையில் கீழே போவதில்லை. மூன்றாவது குச்சியை எடுத்துப் பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். கை மடங்கத் தொடங்கியது. முதலில் மணிக்கட்டு, பிறகு விரல்கள் உள்நோக்கி. ஞாயிற்றுக்கிழமைதோறும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நகம் வெட்டிவிடுவேன், உள்ளங்கையை வெந்நீரில் துடைத்துப் பவுடர் போடுவேன். நர்ஸுகூட இவ்வளவு சுத்தமாக வைத்திருக்க மாட்டாள் என்று சர்ச்சில் எல்லோரும் சொன்னார்கள். மத்தியானங்களில் ஆடினோம். இலையுதிர் காலத்திலும் ஆடினோம், பனி விழுந்த பிறகும் ஆடினோம். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்று இப்போது சொன்னால் உங்களுக்கு விநோதமாகப் படும். காலையில் எழும்போதே தோள் அந்தத் தோளை எதிர்பார்க்கும்.

இந்த மார்ச் முதல் வாரம், காலைச் சாப்பாடு முடிந்து அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"கோர்டிகிட்ட பெட்டிய எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"போதும் மார்லீஸ்."

"இப்பதானே வெர்லின் நல்லா ஆடறோம். போன வாரம் ஸ்கோரப் பாத்தியா."

"அது உன் ஸ்கோரு. நீ எங்க நிக்கறியோ அங்கேருந்து நான் சுடறேன், அவ்வளவுதான். எனக்கு அது பிடிக்கவே இல்ல, ஆரம்பத்துலேருந்து." அவர் ரொட்டித் துண்டுகளை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார். "நீ சந்தோஷமா இருந்த. உன்னை அப்படிப் பாத்ததில்ல. சரி, கை போனதுக்கு இதாவது ஆகட்டும்னு உனக்காகத்தான் ஆடினேன்."

எனக்காக ஆடினாராம். நான் மேசையைத் துடைத்தேன். அவர் எழுந்து, பலகையின் வயர்களைத் தானே பெட்டியிலிருந்து பிடுங்கி வைப்பதாகச் சொல்லிப் படிக்கட்டுப் பக்கம் போனார். என்னைக் கூப்பிடவில்லை. ஒரு வருடமாக நான் அவருடைய இடப்பக்கம் நின்று, அவர் கையை என் தோளில் போட்டு இறக்கிக் கூட்டிப்போவேன். அந்தப் படிக்கட்டில் இறங்கும்போது இடப்பக்கச் சுவரில் மட்டும்தான் பிடிகம்பி. கோடையில் கோர்டி வலப்பக்கமும் ஒன்று போட்டுத் தருகிறேன், ஒரு மணி நேர வேலை என்றார். நான் இருக்கும்போது அது எதற்கு என்று சொல்லிவிட்டேன்.

நான் அவர் பின்னாலேயே போனேன். அவர் வலது கையைச் சுவரில் ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் ஒரு படி மேலே இருந்தேன். நாலாவது படியில் காலுறை வழுக்கியது. உடம்பு முன்னால் சாய்ந்தது. அப்போது அந்தக் கை, எட்டு மாதமாக நெஞ்சோடு மடங்கிக் கிடந்த கை, மேலே எழுந்தது. நான் பிரித்தால் மட்டுமே பிரியும் விரல்கள் தாமாகப் பிரிந்தன. கம்பி வரை போய் அதைத் தொட்டன. பிடிக்கப் பலமில்லை.

ஷெரிப் ஆபீஸிலிருந்து வந்தவர், எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் நடந்திருக்கும், நீங்கள் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் அந்த விளையாட்டை ஆடியதில்லை. எண்பது இயந்திரங்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி திறந்து மூடுவதற்குள் அதில் நுழைந்து வந்தவளுக்கு அரை நொடி என்பது நிறைய நேரம். என் இரண்டு கைகளும் காலியாக இருந்தன. அவர் சட்டையின் முதுகுப் பக்கம் எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் பிடிக்கவில்லை. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்காமல் அது நகர்ந்தது.

கோர்டி பெட்டியை எடுக்க வந்தபோது பிஸ்கட் டப்பாவையும் சேர்த்துக் கொடுத்தேன். மறதியால் இல்லை. மற்றவற்றையெல்லாம் துடைத்துத்தான் கொடுத்தேன், இதை மட்டும் துடைக்க மனம் வரவில்லை. நீங்களே பாருங்கள், பூச்சு எவ்வளவு மெல்லியதாக, எவ்வளவு சீராக இருக்கிறது. பூதக்கண்ணாடி இல்லாமல் செய்தது.

நீங்கள் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும், சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்றை விடாமல் சொல்லுங்கள். அவர் இறங்கியது தனியாக, அந்தக் கையை நம்பி. நான் அவருடைய இடது கையாக இருந்த அந்த ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட அவரை விழவிட்டதில்லை.